முழங்கால் நோகும் ஞாயிற்றுக்கிழமைகள்

"டொக்டரின்ர பதிவு இலக்கம் என்ன?" என்று நான் கேட்டபோது, கவுண்டரில் இருந்த பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கட நம்பர் பதினேழு அக்கா."

"என்ர நம்பர் இல்லை. டொக்டரின்ர. வைத்தியராப் பதிஞ்ச இலக்கம்."

"நீங்கள் பொலிசோ?"

"இல்லை. வருத்தக்காரரின்ர மகள்."

"அப்ப ஏன் அதைக் கேக்கிறியள்? ரெண்டு வருசமா இதிலை இருக்கிறன், ஒருத்தரும் கேட்டதில்லை. தள்ளி நில்லுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். சிலர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்கள், சிலர் கைபேசியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் சிரித்தார். அவர் எங்கள் ஊர்க்காரர், அப்பாவோடு ஒரே கரையில் போட் கட்டுகிறவர்.

"இவளுக்கு எல்லாத்துக்கும் துண்டுக் கடதாசி காட்டவேணும்," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "கந்தோரிலை வேலை செய்யிற பிள்ளை."

அது உண்மைதான். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். விண்ணப்பங்களோடு வரும் சான்றிதழ்களை மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது என் வேலைகளில் ஒன்று. பிறப்புப் பத்திரம், காணி அனுமதிப் பத்திரம், படகுப் பதிவு, எதுவானாலும் மூலப்பிரதியைக் காட்டாமல் என் மேசையைத் தாண்டியதில்லை. தெரிந்தவர்கள் கோபித்திருக்கிறார்கள். என் மாமாவே ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்கள் வீட்டில் முதல் படித்தவள் நான். அப்பா ஒன்பது வயதில் கடலுக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதுவும் நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது பழக்கியது. ஆகவே ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது, அதை எழுத யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வெறும் உத்தியோகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வந்தது ஒரு பெயர்ப்பலகையை. மன்னார் பட்டினத்தில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சனலிங் சென்டரின் வாசலில் அது தொங்கியது. வெளியூர் டொக்டர்மார் கிழமைக்கு ஒரு நாள் வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகும் இடம் அது. பலகையில் நீல எழுத்தில், "சிறுநீரக, சிறுநீர்ப்பாதை விசேட வைத்திய நிபுணர், ஞாயிறு தோறும்" என்று இருந்தது. "விசேட" என்ற சொல்லும் "நிபுணர்" என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் சான்று கிடையாது என்பது எனக்கு அதற்கு மூன்று கிழமைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

விஷயம் தொடங்கியது கடலில். விடத்தல்தீவுக் கரையிலிருந்து மாமாவும் அப்பாவும் வலை இழுக்கப் போயிருந்தார்கள். நடுப்பகல் அளவில் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துவிட்டது. ஒரு சொட்டுச் சலமும் வரவில்லை. அடிவயிறு கல்லுப்போல ஆகி, போட்டின் முன்பக்க அணியத்தில் மடங்கிக் கிடந்தாராம். மாமா வலையைப் பாதியில் அறுத்து விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் ரியூப் போட்டார்கள். ஒரு நுனி உள்ளே, மறு நுனியில் ஒரு பை. மூன்றாம் நாள் வீட்டுக்கு விடும்போது தந்த அட்டையை நான் வாசித்தேன். புரஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, யூரோலஜிஸ்ற் ஒருவருக்குக் காட்டவேண்டும், அதுவரை ரியூப்பைக் கழற்றக்கூடாது, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ரியூப்போடு கடலுக்குப் போக முடியாது. போட்டின் அடியில் எப்போதும் உப்புத்தண்ணீர் நிற்கும். வலை இழுக்கும்போது தொடையைத்தான் பலகையில் அண்டை கொடுப்பார்கள். அப்பா பையை ஒரு கறுப்புச் சொப்பிங் பைக்குள் வைத்து, சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு கரையில் போய் இருந்தார். மற்றவர்களின் வலையைக் கேட்டு வாங்கி மடியில் பரப்பிக் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருந்தார். வலை மடியில் கிடந்தால் பை தெரியாது. நண்டுக் காலம் தொடங்குவதற்கு முன் இதைக் கழற்ற வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை.

வடக்கே மூன்று மணித்தியாலப் பஸ் பயணத்தில் ஒரு பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே யூரோலொஜி கிளினிக் நடக்கிறது. அங்கே போகலாம் என்றேன்.

"வேண்டாம்," என்றார் அப்பா. "ஞாயிற்றுக்கிழமை டொக்டரிட்டைக் காட்டுவம். அவரே ஒப்பிரேசனும் செய்வார்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம்."

எல்லாரும் என்றால் யார் என்று நான் தேடினேன். இங்கேதான் எனக்குத் தலை கிறுகிறுத்தது. எங்கள் ஊரில் ஒரு ஆணுக்கும் சலத்தில் வருத்தம் கிடையாது. எல்லாருக்கும் முழங்கால். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஐந்தாறு பேர் வெள்ளைச் சேட்டோடு மன்னார் பஸ் ஏறுவார்கள். எங்கே என்று கேட்டால், "முழங்கால் காட்டப் போறன்" என்பார்கள். போட் வைத்திருப்பவர் முழங்கால் காட்டப் போனார். ஐஸ் கடைக்காரர் முழங்கால் காட்டப் போனார். பங்குச் சபையில் இருக்கும் ஒரு பெரியவர், கொன்பிரியாச் சபை ஊர்வலத்தில் கொடி பிடித்து நான்கு மைல் நடந்தவர், அவரும் முழங்கால்தான்.

நான் அவரிடம் போய் நேரடியாகவே கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை டொக்டர் எப்பிடி ஐயா? சலத்துக்கு நல்லாப் பாப்பாரோ?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்கென்னண்டு பிள்ளை தெரியும்? நான் முழங்காலுக்கெல்லோ போறனான்."

"முழங்காலுக்கு அந்த டொக்டர் பாக்கிறேல்லையே."

"பாப்பார், பாப்பார். எல்லாம் பாப்பார்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு டொக்டரைப் பற்றி அறிய, அவரிடம் போனவர்களைக் கேட்பதுதான் முதல் வழி. எங்கள் ஊரில் அவரிடம் யாரும் போனதே இல்லை. ஆனால் எல்லாருக்கும் அவர் கெட்டிக்காரர் என்று தெரியும்.

அம்மாவின் வழி வேறு. "சனம் நிக்குதெல்லோ," என்றார். "பொய் டொக்டர் எண்டால் இவ்வளவு சனம் வந்து நிக்குமோ?"

"நிக்கும் அம்மா. சனத்தைப் பாத்துச் சனம் நிக்கும்."

"உன்னோடை கதைச்சு வெல்லேலாது."

கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணினியில் பார்த்தேன். நாட்டில் வைத்தியம் செய்யப் பதிந்தவர்களின் பெயர்களை அதற்குரிய சபை இணையத்தில் போட்டிருக்கிறது. சாதாரண வைத்தியர்களுக்கு ஒரு பட்டியல், விசேட வைத்திய நிபுணர்களுக்கு வேறொரு பட்டியல். ஞாயிற்றுக்கிழமை டொக்டரின் பெயர் முதல் பட்டியலில் இருந்தது. இரண்டாவதில் இல்லை. நான் மூன்று விதமாகத் தேடினேன், பெயரை முன்னுக்குப் போட்டு, பின்னுக்குப் போட்டு, துறையை மட்டும் போட்டு. இல்லை. ஆனால் அதே பெயரில் முதல் பட்டியலில் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் ஆள் எவர் என்று தெரிய இலக்கம் வேண்டும்.

கொழும்பிலுள்ள அந்தச் சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். சிங்களத்தில் ஒருவர் பேசினார். நானும் சிங்களத்தில் பேசினேன். இலக்கம் என்ன என்று கேட்டார். இலக்கம் தெரியாததால்தான் எடுக்கிறேன் என்றேன். இலக்கம் இல்லாமல் சொல்ல முடியாது, வேறு பகுதிக்குத் தருகிறேன் என்றார். அந்தப் பகுதியில் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்து, எழுத்தில் கேட்கச் சொன்னாள். எழுதினேன். இரண்டு கிழமையாகப் பதில் வரவில்லை. அந்த இரண்டு கிழமையும் அப்பா கறுப்புப் பையோடு கரையில் இருந்தார்.

பட்டியல் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, "இதிலை அவற்ர பேர் இல்லை" என்றேன். என்னவோ பெரிய வழக்கை வென்றவள்போலச் சொன்னேன். அப்பா தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் நூறு பேரின் பெயர் இருந்தது. பிறகு மெதுவாக மடித்து என்னிடமே தந்தார்.

"இல்லாததை என்னண்டு பிள்ளை காட்டுவாய்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "நீங்கள் எஞ்சின் வாங்கேக்கை புத்தகம் பாக்காமல் வாங்குவியளோ? உங்கட உடம்பை வெட்டப்போற ஆளுக்கு ஒரு துண்டும் வேண்டாமோ?"

"எஞ்சினை நான் ஸ்ராட் பண்ணிப் பாத்துத்தான் வாங்கினனான். புத்தகம் பாத்து இல்லை."

"அப்ப டொக்டரையும் ஸ்ராட் பண்ணிப் பாக்கப்போறியளோ?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை டொக்டரிடமே போவோம், ஆனால் நானும் கூட வருவேன், ஒப்பிரேசன் என்று பேச்சு வந்தால் அவருடைய தகைமையைக் கேட்பேன் என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார். உள்ளே மட்டும் தான் தனியாகப் போவதாகச் சொன்னார். நான் அதற்கு ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பதினேழாம் இலக்கத்தைக் கூப்பிட்டபோது அப்பா எழும்பினார். நானும் எழும்பினேன். "நீ இரு," என்றார். நான் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனேன்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சேட்டுக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை.

"டொக்டர், ஒண்டு கேக்கவேணும். நீங்கள் யூரோலஜிஸ்ற்றோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்தது கோபம். அதற்குப் பதில் சொல்ல நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.

"இல்லைத் தங்கச்சி," என்றார். "நான் எம்.பி.பி.எஸ். யூரோலொஜி வாட்டிலை எட்டு வருசம் மெடிக்கல் ஒபிசராய் வேலை செய்தனான். நிபுணர் பரீட்சை செய்யேல்லை."

"வெளியிலை போர்ட்டிலை அப்பிடி இல்லையே."

"போர்ட் நான் எழுதினதில்லை. சென்டர்காரர் எழுதினது. மாத்தச் சொல்லி ரெண்டு தரம் சொன்னனான்."

"ரெண்டு தரம் சொன்னது காணாது. ஒவ்வொரு ஞாயிறும் அதுக்குக் கீழாலை நடந்துதானே உள்ளை வாறியள்?"

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். "நீங்கள் சொல்லுறது சரி," என்றார். வாதாடாத ஒருவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் நான்கு வாக்கியங்களும் வாய்க்குள் கிடந்தன.

"அப்பாவுக்கு நீங்கள்தான் ஒப்பிரேசன் செய்வியள் எண்டு ஊரிலை சொல்லினம்."

"நான் ஒரு ஒப்பிரேசனும் செய்யிறேல்லை. செய்யவும் ஏலாது. மருந்திலை நிக்கிறதுக்கு மருந்து குடுப்பன். மற்றவையைக் கடிதம் குடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவன்." பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்தார். அப்பா கதவோடு ஒட்டி நின்றார். டொக்டரின் முகம் மாறியது. "ஐயா, நீங்களோ? வாங்கோ, இருங்கோ. ரியூப்போடை வந்து நிக்கிறியள்? நான் தந்த கடிதம் என்னாச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கடிதம்?" என்றேன்.

"போன வருசம் ஸ்கான் எடுத்துப் பாத்திட்டு, இது மருந்திலை நிக்காது ஐயா, கெதியாப் போய்க் காட்டுங்கோ எண்டு ஒட்டிக் குடுத்தனான். நிபுணரின்ர பேர், கிளினிக் நாள் எல்லாம் எழுதினனான். நீங்கள் போகேல்லையோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் எனக்கான கேள்வியும் இருந்தது. படித்த பிள்ளை வீட்டில் இருந்தும் ஏன் இப்படி என்று அவர் வாயால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

"புதுக்கடிதமும் தாறன்," என்றார். "ஆனால் பழசைக் கட்டாயம் கொண்டுபோங்கோ. ஸ்கான் அதுக்குள்ளைதான் கிடக்கு. எவ்வளவு காலத்திலை எவ்வளவு கூடியிருக்கு எண்டு அவர் பாக்கவேணும்."

வெளியே வந்தபோது ஊர்க்காரர் கேட்டார், "என்னவாம், முழங்காலுக்கு?" அப்பா அவரைப் பார்க்காமல் நடந்தார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கியதும் அப்பா வீட்டுக்கு வராமல் நேரே கரையிலிருக்கும் வாடிக்குப் போனார். வலையும் எஞ்சினும் வைக்கும் அந்த ஓலைக் கொட்டிலுக்குள் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. கடற்றொழில் அனுமதி, போட் பதிவு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அவர் திரும்பி வந்து மேசையில் ஒரு மண்ணிற உறையை வைத்தார். டீசல் மணத்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ஒட்டின இடத்தின் மேல் டொக்டரின் முத்திரை. முத்திரையில் அவருடைய பதிவு இலக்கம் தெளிவாக இருந்தது. நான் கொழும்புவரை தொலைபேசி எடுத்துத் தேடிய இலக்கம், ஒன்றரை வருடமாக எங்கள் வாடியில் மண்ணெண்ணெய்க் கானுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

அம்மா உறையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "போன வருசம் நீங்கள் முழங்காலுக்கெல்லோ போனியள்?"

அப்பா உறையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் தேய்ச்ச எண்ணெய்?"

"அதுவும் நல்லாத்தான் இருந்தது," என்றார் அப்பா.

"ஆவணித் திருவிழாவிலை மாதாவுக்கு வெள்ளியிலை கால் வாங்கிப் போட்டனான்! மாதாவுக்குக் குடுத்த நேர்த்தியும் பொய்யோ? இஞ்சருங்கோ, நான் மாதாவிட்டை இனி என்ன முகத்தோடை போறது?"

வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அன்று என்னால் முடியவில்லை. "ஏன் அப்பா?" என்றேன். "நான் ஒராள் இந்த வீட்டிலை வாசிக்கத் தெரிஞ்சவள் இருக்கிறன். ஊரிலை இருக்கிற மற்றவையின்ர கடிதமெல்லாம் நான்தானே வாசிக்கிறன். என்னட்டைத் தந்திருந்தால் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போயிருப்பன். ரியூப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. ஏன் ஒளிச்சனீங்கள்?"

அவர் உறையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நீ வாசிப்பாய் எண்டுதான்."

"என்ன?"

"அந்த டொக்டர் கேட்ட கேள்வியெல்லாம் நான் சொன்னனான். ஆம்பிளை ஆம்பிளைக்குச் சொல்லுற கதை. அவர் அதுகளையும் எழுதினவர், நான் பாத்துக்கொண்டு இருந்தனான். வீட்டிலை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் நீ ஒராள். என்ர மகள். உன்னட்டை அதைத் தாறதோ?" பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஒருத்தருக்குச் சொன்னது காணும் எண்டு பாத்தன். அதுதான் அவரே ஒப்பிரேசனும் செய்வாரெண்டு இருந்தனான்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முகவரி இல்லை. பலகை எழுதியவர்கள் மேல் கோபம். இரண்டு தரம் மட்டும் சொன்ன டொக்டர் மேல் கோபம். பதில் எழுதாத கொழும்புக் கந்தோர் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல், நான் இரவிரவாக விளக்கு வைத்துப் படித்ததைப் பெருமையாக ஊரெல்லாம் சொன்ன மனிதர், அந்தப் படிப்புக்குப் பயந்து தன் வருத்தத்தை ஒளித்து வைத்திருக்கிறார். நான் படிக்காமல் இருந்திருந்தால், அந்த உறையை என்னிடம் தந்து, ஆரிடமாவது வாசித்துக்கொண்டு வா என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

"நான் உடைக்கமாட்டன்," என்றேன். "ஒட்டினபடி டொக்டரிட்டைக் குடுப்பம்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

நிபுணரின் பெயரைப் புதுக்கடிதத்தின் உறையிலிருந்து எழுதி, கந்தோரில் பார்த்தேன். இரண்டாவது பட்டியலில் இருந்தது. துறையும் சரியாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒன்றரை வருடத்துக்கு முன் இதே பெயர் அந்த உறையின் மேல் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் நினைவில் நின்றது. சனலிங் சென்டருக்கு ஒரு கடிதமும் எழுதினேன், பலகையை மாற்றச் சொல்லி. அதற்கும் பதில் இல்லை. பலகை இன்றைக்கும் தொங்குகிறது.

இதற்கிடையில் ஊருக்குள் கதை எப்படியோ போய்விட்டது. பங்குச் சபைப் பெரியவர் ஒரு பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலை மிகவும் தாழ்த்தி, "பிள்ளை, பெரியாஸ்பத்திரியிலை முழங்காலுக்கு என்ன நாள் கிளினிக்?" என்று கேட்டார்.

"முழங்காலுக்கு வியாழக்கிழமை ஐயா," என்றேன். "கடிதம் கொண்டு போகவேணும். ஸ்கானும்."

"முழங்காலுக்குத்தானே கேட்டனான்."

"ஓம் ஐயா. முழங்காலுக்குத்தான் சொல்லுறன்."

வியாழக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் போனோம். அப்பா ஜன்னலோரம் இருந்தார். உறையை என் கோப்புக்குள் வைக்கச் சொன்னேன், விடவில்லை. சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். இடையிடையே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார், தொலைந்துவிடும் என்று இல்லை, நான் எடுத்துவிடுவேன் என்று. சத்தியம் செய்த பிறகும் அப்படித்தான். எனக்கு அது நெடுந்தூரம் எரிச்சலாக இருந்தது.

கிளினிக்கில் நான்கு மணித்தியாலம் இருந்தோம். அப்பாவின் முறை வந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நீங்கள் போங்கோ," என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. தாதி மிஸ்ஸி தலையை நீட்டினார்.

"இவரோடை வந்த ஆக்கள் ஆர்? டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். தமிழ் மிஸ்ஸி வாட்டுக்குப் போயிட்டா. சிங்களம் தெரிஞ்ச ஆள் இருக்கோ?"

நான் எழும்பினேன்.

உள்ளே உறை உடைந்து மேசையில் கிடந்தது. டொக்டர் ஸ்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் கண்டதும் கண்ணை மூடினார். வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்திருப்பார். கடவுளே, நானும் அப்படித்தான் விரும்பினேன்.

"வேறை ஒருத்தரும் இல்லை அப்பா," என்றேன்.

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, சொல்லு," என்றார் அப்பா. "ஆனால் என்னைப் பாக்காதை."

சுவரில் ஒரு மருந்துக் கொம்பனியின் கலண்டர் தொங்கியது. நான் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். டொக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் கலண்டரிடம் தமிழில் சொன்னேன். அப்பா என் முதுகிடம் பதில் சொன்னார், நான் கலண்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். சலம் விட்டு விட்டுப் போகுமோ. முக்க வேண்டுமோ. இரத்தம் கண்டதோ. இன்னும் சில கேள்விகள். அவற்றுக்கான சொற்கள் எனக்கு மூன்று மொழியிலும் தெரியும். பாடப்புத்தகத்துச் சொற்கள், ஆஸ்பத்திரிச் சொற்கள். அப்பாவிடம் சொல்லக்கூடிய ஒரு சொல் எந்த மொழியிலும் என்னிடம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். கலண்டரில் பாய்மரப் படகு ஒன்றின் படம் இருந்தது. அதன் பாய்க் கயிறுகளை எண்ணிக்கொண்டே சொன்னேன்.

கடைசியாக டொக்டர் கேட்டார், இந்தக் கரைச்சல் தொடங்கி எவ்வளவு காலம் என்று.

"எவ்வளவு காலமாம் அப்பா?"

"ரெண்டு மாசம்."

ஒன்றரை வருடத்துக்கு முந்திய ஸ்கான் மேசையில் கிடந்தது. கடிதம் எழுதிய டொக்டர், அப்போதே ஆறு மாதக் கரைச்சல் என்று எழுதியிருப்பாரோ, நான் வாசிக்கவில்லை. ஆனால் எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும். அம்மா எண்ணெய் தேய்க்கத் தொடங்கிய காலம் தெரியும்.

"அவுருது தெகக்," என்றேன் கலண்டரைப் பார்த்து. இரண்டு வருடம்.

அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சண்டைக்காலத்தில் வருடக்கணக்காக ஒவ்வொரு விடியலிலும் நேவிக்காரரிடம் பெயரும் ஆளெண்ணிக்கையும் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனவர். சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மாதம், வருடம் எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குப் பின்னால் கதிரை கிறீச்சிட்டது.

"மாசம் எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம். கேட்டது."

"பிறகு?"

"மூலப்பிரதி மேசையிலை கிடக்குது அப்பா."

என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே சிங்களத்தில் ஒத்துக்கொண்டார், காவலரணில் நிற்கும் குரலில்.

"ஹரி மாத்தயா. அவுருது தெகய்."

டொக்டர் எழுதினார். ஒப்பிரேசன் தேவை, வரிசையில் போட்டிருக்கிறேன், இதுதான் நாள் என்று ஒரு தாளைத் தந்தார். நான் கலண்டரில் அந்தத் திகதியைத் தேடினேன். நான்கு தாள் தள்ளித் தூக்க வேண்டியிருந்தது. அதுவரை ரியூப்தான், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்றார். போன வருடம் வந்திருந்தால் இவ்வளவு இல்லை என்றும் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும்.

"நண்டு போயிடும்," என்றார் அப்பா.

"ஓம்."

"அடுத்த வருசமும் நண்டு வரும்தானே."

தாளைப் பிடித்தபடி சுவரோடு நின்றேன்.

"இப்ப திரும்பலாமோ?" என்று கேட்டேன்.

"பொறு," என்றார் அப்பா. "சாரத்தைக் கட்டுறன்."